உத்தியோகம் தேடுவோருக்கு – 9: தூரத்துப் பரிச்சயம்

சென்ற இதழில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வதைப் பற்றியும், அந்தப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மறவாமல் புதுப்பிப்பதைப் பற்றியும் எழுதியாயிற்று. தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு அது நினைவிருக்கும். இந்த வாரம் நேர்முகத் தேர்வைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபிறகு அல்லவா அதற்கான யோசனைகள் பிரயோஜனப்படும்? அந்த அழைப்பு எந்த வழியாக ஒருவனிடம் வந்து சேருகிறது என்பதுதான் இந்தத் தொடரின் முதல் வாரத்திலிருந்து என் மனத்தை விட்டு அகலாத விஷயம். அதற்கு ஒரு திருஷ்டாந்தம் இந்த வாரம் அகப்பட்டிருக்கிறது, அதுவும் நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு தமிழரின் சரித்திரத்திலேயே அகப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

இதைக் கட்டுமாவடியிலிருந்து எழுதுகிறேன். தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்குகிற எல்லையில், பாக் நீரிணையை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அறந்தாங்கிச் சாலை வந்து சேருகிற ஊர் இது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாவதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் தஞ்சாவூர் மாவட்டத்து அறந்தாங்கித் தாலுக்காவாக இருந்தது. மீன் மார்க்கெட்டும், வலையும், சற்று உள்ளே போனால் தென்னந்தோப்பும்தான் இங்கே ஜீவனம். 2018 நவம்பரில் அடித்த கஜா புயல் அந்தத் தென்னைகளைச் சாய்த்தபோது எத்தனையோ குடும்பங்களின் வருமானமும் கூடவே சாய்ந்தது. இப்போது அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பி.காம்., டிப்ளமோ, பி.இ. என்று படித்துவிட்டு, கடலுக்குப் போவதா, சிங்கப்பூருக்குப் போவதா, சென்னைக்குப் போவதா என்ற யோசனையில் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஓர் இளைஞரைப் பேருந்து நிறுத்தத்தருகே டீக்கடையில் சந்தித்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். கைப்பேசியில் தம் பயோடேட்டாவை எடுத்துக் காட்டினார். தகப்பனார் பெயர், மதம், திருமணமாகாதவர் என்ற விவரம், தெரிந்த பாஷைகள், பொழுதுபோக்கு இவையெல்லாம் முதல் பக்கத்திலும், படிக்கும்போது ஒரு படகு என்ஜின் பட்டறையில் லீவு நாட்களில் வேலை செய்த செய்தி இரண்டாம் பக்கத்தின் அடியிலும் இருந்தது. அதை எங்கெங்கோ அனுப்பியிருக்கிறார்.

“பதில் ஏதாவது வந்ததா, தம்பி?”

“ஒண்ணும் வரலை சார். ஆள் தெரிஞ்சாத்தான் எல்லாம் நடக்கும். எங்களுக்கு யாரைத் தெரியும்? அப்பா கடலுக்குப் போறவரு.”

ஆள் தெரிந்தால்தான் நடக்கும் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை; பல சமயங்களில் அப்படித்தான் நடக்கிறது என்பதற்குக் கணக்குகளே இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன். தமக்கு யாரையும் தெரியாது என்று அவர் நினைப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உத்தியோகம் வாங்கிக் கொடுக்கக்கூடியவர் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ, அல்லது குடும்பத்துக்கு வேண்டிய பெரிய மனுஷராகவோ இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் நம் தேசத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அப்படி ஒருவர் இல்லாதவர்கள் தங்களுக்குக் கதவே இல்லை என்று தீர்மானித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தத் தீர்மானம் எவ்வளவு தவறானது என்பதற்குத்தான் ஸ்ரீநிவாஸ ராமானுஜனைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

ராமானுஜன் கணித மேதை என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அவர் நம் பிள்ளைகளைப் போலவே வேலை தேடி அலைந்தவர் என்பதும், அந்த அலைச்சல் எந்த மனிதரிடமிருந்து எந்த மனிதரிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது ஏறக்குறைய முழுவதும் பதிவாகியிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. கும்பகோணத்துக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் உபகாரச் சம்பளத்தை இழந்தார்; பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைப் பரீட்சையில் தேறவில்லை. ஆக, கையில் இருந்தது மெட்ரிகுலேஷன் ஒன்றுதான். 1909 ஜூலையில் விவாகம் நடந்தது. குடும்பம் எளிய குடும்பம். தகப்பனார் ஜவுளிக்கடையில் குமாஸ்தா. அந்த வீட்டுக்கு வேண்டிய கலெக்டரோ, துறைமுகத் தலைவரோ யாரும் கிடையாது.

1910-ஆம் ஆண்டில் அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். இந்தியக் கணித சங்கத்தை 1907-இல் தோற்றுவித்தவர் என்ற ஒரு காரணத்தைத் தவிர, ராமானுஜன் அவரைத் தேடிப் போவதற்கு வேறு முகாந்திரம் இல்லை. தாலுக்கா ஆபீஸிலோ முனிசிபாலிடியிலோ ஒரு குமாஸ்தா வேலை கொடுத்தால் போதுமென்று கேட்டு, தம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ராமஸ்வாமி ஐயர் நோட்டைப் பார்த்துவிட்டு, இவரை ரெவின்யூ இலாகாவின் அடிப்படியில் உட்கார்த்தி அந்த அறிவை அமுக்கிவிடத் தமக்கு மனமில்லை என்று, வேலை தராமலே அனுப்பினார். வெறுங்கையோடு அனுப்பவில்லை, சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். இந்தச் சம்பவத்தை வாசகர்கள் சற்று நிதானமாக யோசித்துப் பார்க்கவேண்டும். கேட்ட வேலை கிடைக்கவில்லை என்ற அளவில் அது தோல்விதான். ஆனால் அன்று வாங்கிவந்த கடிதங்கள்தான் அதற்குப் பின் நடந்த அத்தனைக்கும் ஆரம்பம்.

சென்னையில் அவர் பார்த்தவர்களில் ஒருவர் பிரஸிடென்ஸி காலேஜ் ஆசிரியர் பி. வி. சேஷு ஐயர். முன்பு கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் சொன்னவர்தாம். நடுவில் சில வருஷங்கள் தொடர்பு விட்டுப் போயிருந்தது. அவர் ஒரு குறிப்பு எழுதி, நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ராவ் கணிதத்தில் பிரியமுள்ளவர். தம் எதிரே வந்து நின்றவர் குள்ளமாக, தடித்த உடம்பும் சவரம் செய்யாத முகமுமாக, கசங்கிய நோட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார் என்றும், கண்கள் மட்டும் ஒளிவிட்டன என்றும் அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். நோட்டில் இருந்தது அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதை ராமானுஜன் கண்டுகொண்டார். அடுத்த சந்திப்புகளில் தம் எளிய சூத்திரங்களை முதலில் காட்டி, அங்கிருந்து படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துச் சென்று, கடைசியில் தம்முடைய மிகப் புதுமையான முடிவுகளை வைத்தார். ராவ் வசப்பட்டார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, கவலையின்றி ஆராய்ச்சி செய்யச் சாப்பாட்டுக்கு வழி வேண்டும் என்றார் ராமானுஜன். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். நேர்முகத் தேர்வைப் பற்றி அடுத்த வாரம் எழுதும்போது இந்தச் சந்திப்பைத்தான் பாடமாக வைத்துக்கொள்ளப் போகிறேன்: எதிரே இருப்பவருக்கு எந்தப் படி எட்டுகிறதோ அந்தப் படியிலிருந்து தொடங்குகிற வித்தை அதில் முழுவதும் இருக்கிறது.

பிறர் பணத்தில் நெடுநாள் வாழ ராமானுஜனுக்கு மனமில்லை. 1912 தொடக்கத்தில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிக வேலை பார்த்தார். அந்த வேலையில் இருந்துகொண்டே, 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி, திருவல்லிக்கேணி விலாசத்திலிருந்து சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு ஒரு மனு எழுதினார். அந்த மனு இன்றும் இருக்கிறது. உத்தியோகம் தேடும் ஒவ்வொருவரும் அதன் அமைப்பைக் கவனிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். உங்கள் ஆபீஸில் ஒரு குமாஸ்தா இடம் காலியிருப்பதாக அறிகிறேன் என்று, எந்த வேலைக்கு எழுதுகிறார் என்பதில் தொடங்குகிறது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், பல சங்கடங்களால் மேலே படிக்க முடியாமற் போனதையும் ஒளிக்காமல், அழாமல், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. அந்த இடைவெளியில் சும்மா இருக்கவில்லை, கணிதத்திலேயே காலம் செலவிட்டேன் என்று அடுத்த வாக்கியம் சொல்கிறது. கொடுக்கும் வேலையைச் சரிவரச் செய்வேன் என்ற உறுதியோடு மனு முடிகிறது. கூடவே பிரஸிடென்ஸி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட், இவர் கணிதத்தில் அசாதாரணத் திறமையுள்ள இளைஞர் என்று எழுதிய சிபாரிசு இணைக்கப்பட்டிருந்தது. ஒரு சிறு தாளில் அடங்குகிற விஷயம். படிப்பு நின்றுபோன வருஷங்களை எப்படி மறைப்பது என்று என்னைக் கேட்டு எழுதிய வாசகர்கள் அநேகர்; மறைக்க வேண்டியதில்லை, ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அந்த வருஷங்களில் என்ன செய்தீர்கள் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

1912 மார்ச் 1-ஆம் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ராமானுஜன் துறைமுக ஆபீஸில் கணக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணித சங்கத்தைச் சேர்ந்தவர். மாலை வேளைகளில் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். கழகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் விஷயமறிந்து அக்கறை கொண்டார். சென்னை இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் தமக்கு முன்பு ஆசிரியராயிருந்த ஹில் என்பவருக்கு எழுதினார். ராமானுஜனும் தாமாகவே கேம்பிரிட்ஜுக்குக் கடிதங்கள் எழுதினார். முதலில் அவர் எழுதிக் கேட்ட பேராசிரியர்கள் இருவர் உதவவில்லை. 1913 ஜனவரி 16-இல், முன்பின் பார்த்திராத கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு, துறைமுக ஆபீஸ் குமாஸ்தா என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு எழுதினார். அதே வருஷம் பிப்ரவரியில் வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது நோட்டுகளைக் காட்டினார்கள். அவர் சர்வகலாசாலைக்கு எழுதினார். மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கிடைத்தது. 1914 மார்ச் 17-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

ராமஸ்வாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், மிடில்மாஸ்ட், நாராயண ஐயர், ஸ்பிரிங், கிரிஃபித், வாக்கர், ஹார்டி. இவர்களில் ஒருவரும் ராமானுஜனின் உறவினர் இல்லை. அவர் உதவி நாடிச் சென்ற காலத்தில் நெருங்கிய சிநேகிதர் என்று சொல்லக்கூடியவரும் இல்லை. பழைய வாத்தியார் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அனைவரும் புதியவர்கள். வீட்டாரும் சிநேகிதர்களும் அவருக்குச் சோறு போட்டார்கள், ரயில் கட்டணம் கொடுத்தார்கள், தங்க இடம் தந்தார்கள். அந்த அன்புக்கு விலையில்லை. ஆனால் உத்தியோகம் தூரத்து மனிதர்களின் வழியாகத்தான் வந்தது.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த வரிசையில் இருந்த இந்தியர்கள் ராமானுஜனின் சமூகத்தைச் சேர்ந்தவர்கள், ஆங்கிலம் படித்து உத்தியோக வர்க்கத்தில் இருந்தவர்கள். ஏழைப் பிராமணக் குமாஸ்தாவின் மகனுக்குத் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டரின் வீட்டுத் திண்ணையில் ஏற முடிந்தது. அதே 1910-இல் கட்டுமாவடிக் கடற்கரையிலிருந்து ஒரு பையன் அப்படி ஏறியிருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதுதான் பதில். ஆகையால் தூரத்துப் பரிச்சயம் என்பது எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட செல்வம் என்று நான் வாதிக்கவில்லை. பிறப்பினால் அது வாய்க்காதவர்கள் பிரயத்தனத்தினால் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பிரயத்தனத்துக்கு ஒரு முறை இருக்கிறது என்பதனால்தான் இந்தத் தொடரையே எழுதுகிறேன்.

இனி, கணக்கு. அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் நகரத்தை அடுத்த நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறிய 282 பேரிடம், இந்த வேலை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள், தெரிந்த மனிதர் மூலமாக என்றார்கள். அத்துடன் அவர் நிற்கவில்லை. அந்த மனிதரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிற நெருங்கியவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேருக்கும் குறைவு. எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் ஏறக்குறைய 56 பேர். வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிகம் என்றவர்கள் ஏறக்குறைய 28 பேர். பழைய முதலாளி, முன்பு கூட வேலை செய்தவர், கல்லூரியில் கூடப் படித்துப் பிறகு தொடர்பு விட்டுப்போனவர், இப்படிப்பட்டவர்களே அதிகம். இந்த ஆராய்ச்சிக் கட்டுரையை 1969-இல் ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. 1973-இல் வேறொரு பத்திரிகையில் வெளியான பிறகு, சமூகவியலில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் கட்டுரைகளுள் ஒன்றாகிவிட்டது.

அவர் காட்டிய காரணம் எளிது. நம்முடன் தினமும் பேசுகிறவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். அவர்கள் பார்க்கும் மனிதர்களையே நாமும் பார்க்கிறோம். மணமேல்குடியில் இருக்கும் அத்தை மகனுக்குத் தெரிந்த வேலைச் செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். திருப்பூரில் இருக்கும் பழைய வகுப்புத் தோழன் ஒருவனுக்கு அங்கே எந்தப் பனியன் கம்பெனியில் பராமரிப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்பது தெரியும். அது கட்டுமாவடியில் ஒருவருக்கும் தெரியாது.

இந்தக் கருத்தை லிங்க்ட்இன் தளத்தில் ஐந்து வருஷ காலம், 2 கோடிப் பேரை வைத்துச் சோதித்துப் பார்த்து, 2022-இல் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். கிரானோவெட்டர் சொன்னது சரிதான், ஆனால் அறவே முகம் தெரியாதவரைவிட, ஓரளவு பொதுச் சிநேகிதர்கள் உள்ள நடுத்தரப் பரிச்சயமே மிகவும் உதவுகிறது என்று அது சொல்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: கம்ப்யூட்டர் சார்ந்த தொழில்களில் தூரத்துப் பரிச்சயமும், அவ்வளவாகக் கம்ப்யூட்டர் புகாத தொழில்களில் நெருங்கிய உறவும் கூடுதலாகக் கைகொடுக்கின்றன. படகிலோ மீன் வியாபாரத்திலோ சேர விரும்புகிற பிள்ளைக்கு மாமாவே போதும். சென்னையிலோ ஹோசூரிலோ தொழிற்சாலைக்குப் போக விரும்புகிற பிள்ளை மாமாவைத் தாண்டிப் போகவேண்டும்.

டீக்கடை இளைஞருக்கு வருகிறேன். அவருக்கு யாரைத் தெரியும் என்று இருவரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். அந்த ஐஸ் கம்பெனிக்கு கம்ப்ரஸர் பழுது பார்க்க வெளியூரிலிருந்து வருகிற மெக்கானிக். மார்க்கெட்டில் மீன் ஏற்றிக்கொண்டு போகும் லாரி டிரைவர்கள். அவர்கள் போய் இறக்குகிற ஊர்களில் குளிர்பதனக் கிடங்குகள் இருக்கின்றன, அங்கே மெக்கானிக்கல் படித்தவனுக்கு வேலை இருக்கிறது. நண்டு எடுக்க வருகிற ஏற்றுமதிக் கம்பெனியின் ஆள். படகு என்ஜினுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடைக்காரர். அவரிடம் மாதாமாதம் வருகிற கம்பெனிப் பிரதிநிதி. பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். இந்த இளைஞருக்கு முந்திய வருஷம் படித்து முடித்தவர்களில், பெயர் மட்டும் ஞாபகமிருக்கிற நான்கைந்து பேர். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர், கோயமுத்தூரில் பம்ப் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறாராம். யாரையும் தெரியாது என்று சொன்னவரிடமிருந்து ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. அவர்களில் ஒருவரிடமும் அவர் இதுவரை வேலையைப் பற்றி வாய் திறந்ததில்லை. கேட்டால் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம். இந்தக் கூச்சம் நம் பக்கத்துப் பிள்ளைகளின் உத்தியோகத்தைக் கெடுக்கிற அளவுக்கு, மதிப்பெண் குறைவுகூடக் கெடுக்கவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூச்சத்தை விடுவதற்கு வழி, கேட்கிற கேள்வியை மாற்றிக்கொள்வதுதான். “எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்” என்று கேட்டால், தூரத்து மனிதர் தம்மால் முடியாத பாரத்தைத் தலையில் வைத்ததாக நினைத்து நழுவிவிடுவார். “உங்க கம்பெனியில மெயின்டனன்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களா அண்ணே? எடுத்தா யாரைப் பார்க்கணும்? என்ன தெரிஞ்சிருக்கணும்னு எதிர்பார்ப்பாங்க?” என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்வது யாருக்கும் கஷ்டமில்லை; தெரிந்ததைச் சொல்வதில் மனிதருக்கு இயல்பாகவே ஒரு சந்தோஷம் உண்டு. பேச்சை முடிக்கும்போது, “வேறே யார்கிட்ட பேசலாம்?” என்று ஒரு கேள்வி கட்டாயம் கேட்கவேண்டும். ராமஸ்வாமி ஐயரின் கடிதங்கள் அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கிற பதிலின் வகையைச் சேர்ந்தவை. தெரிந்தவர் சொன்ன ஆளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, நடந்ததை அந்தத் தெரிந்தவரிடம் போய்ச் சொல்லவேண்டும். இதை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வதில்லை. சொன்னால், அடுத்த செய்தி காதில் விழும்போது அவருக்கு முதலில் உங்கள் ஞாபகம் வரும்.

இவற்றுக்கெல்லாம் ஒரு நோட்டு வேண்டும். நாற்பது பக்க நோட்டே போதும். பெயர், எங்கே இருக்கிறார், எப்படித் தெரியும், என்றைக்குப் பேசினோம், என்ன சொன்னார், மறுபடி என்றைக்குப் பேசவேண்டும் என்று ஆறு கட்டம். பேசி இரண்டு வாரம் ஆகியும் செய்தி இல்லையென்றால் ஒரு தரம் மரியாதையாக நினைவூட்டலாம். அதற்கு மேல் நச்சரிக்கக்கூடாது. பயோடேட்டாவில் படகு என்ஜின் பட்டறை முதல் வரிக்கு வரவேண்டும், மதமும் பொழுதுபோக்கும் போய்விடலாம் என்று அந்த இளைஞரிடம் சொன்னேன். என்ன என்ஜின், எத்தனை குதிரைசக்தி, எதைப் பிரித்துச் சேர்க்கத் தெரியும் என்று விரித்து எழுதச் சொன்னேன். அவர் வாயால் சொல்லச் சொல்ல, ஒரு டிப்ளமோக்காரரின் காகிதத்தில் நான் கண்டிராத விவரமான அநுபவம் அவரிடம் இருந்தது தெரியவந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகம் எதற்கு என்று இப்போது சிலர் கேட்கலாம். அந்த அலுவலகங்கள் 1945-இல், யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களை மறுபடி ஜீவனத்தில் அமர்த்துவதற்காகத் தொடங்கப்பட்டவை. காலியிடங்களை அங்கே தெரிவிக்கவேண்டும் என்று 1959-ஆம் வருஷச் சட்டம் அரசு ஸ்தாபனங்களையும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் ஸ்தாபனங்களையும் கட்டாயப்படுத்தியது. அங்கே பதிந்தவர்களைத்தான் எடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பதிந்துவிட்டு அழைப்புக் கார்டுக்காகக் காத்திருப்பவர்களின் ஏமாற்றத்துக்கு மூலகாரணம் இந்த வித்தியாசம். ஆனாலும் மாவட்ட அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் நடக்கின்றன. தனியார் துறை முகாம்களும் நடக்கின்றன. புதுக்கோட்டைக்கு ஒரு நாள் பஸ் செலவு செய்து போனால், வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவரே ஒரு தூரத்துப் பரிச்சயம்; நோட்டில் ஒரு வரி கூடும்.

அரசாங்க உத்தியோக விஷயத்தில் மட்டும் இந்த வாரம் நான் எழுதியதை யாரும் தவறாக அர்த்தப்படுத்திக்கொள்ளக் கூடாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் எழுத்துத் தேர்வு ஒன்றுதான். நேர்முகம் கிடையாது, ஆகவே சொல்லி வாங்கித் தருவதற்கு அங்கே இடமே கிடையாது. எந்தப் புத்தகம் படிப்பது, எப்போது விண்ணப்பம் என்ற அளவில் தெரிந்தவர்களிடம் கேட்கலாம். சில லட்சம் கொடுத்தால் அரசாங்க வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய மனுஷராகத் தோன்றினாலும், ஊர்க்காரராகவே இருந்தாலும், அவர் மோசக்காரர். அறிமுகத்துக்கு யாரும் விலை கேட்பதில்லை. விலை கேட்கிறவரிடம் அறிமுகம் இல்லை. நகையை அடகு வைத்தும், படகை விற்றும் கொடுத்துவிட்டு வாய் திறக்க முடியாமல் இருக்கிற குடும்பங்களை இந்தக் கடற்கரையில் மட்டுமல்ல, போகிற இடமெல்லாம் காண்கிறேன். ஆகையால்தான் இதை இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

வெளிநாட்டு ஏஜெண்டு விஷயம் தனி. அங்கே கட்டணம் வாங்குவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் அதற்கு உச்சவரம்பு இருக்கிறது: மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம், ரசீதும் தரவேண்டும். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஒரு விதி, சிங்கப்பூருக்கு வேறு விதி. தமிழ்நாடு அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதை எப்படி அணுகுவது என்பதையும் விரிவாக எழுதவேண்டும். நேர்முகத் தேர்வையும் இதையும் சேர்த்து ஒரே வாரத்தில் அடக்க முடியுமா என்று தெரியவில்லை. அநேகமாக நேர்முகம் முதலில் வரும். ஏஜெண்டு பகுதிக்கு முன்னதாக வெளிநாடு செல்ல உத்தேசித்திருப்பவர்கள் தங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து, அதில் இ.சி.ஆர்., அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற குறிப்பு அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவைக்கவும். பத்தாவது தேறியவர்களின் பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு இருக்கவேண்டியதில்லை. தேறியிருந்தும் இருந்தால், சான்றிதழைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.

(தொடரும்)